ஏரிக்கரை மேல் போன ஜப்தி லாரி

முன்சீப் கோர்ட்டில் அமீனாவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு எழுதுகிறேன். வாரண்டை எப்படி வாசித்துக் காட்டுவது, ஜப்தி செய்த பொருள்களின் ஜாபிதா எப்படி எழுதுவது, பூட்டிய கதவை எப்போது தொடலாம், பெண்கள் இருக்கும் கட்டுக்குள் போகுமுன் எவ்வளவு நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் மேலதிகாரி நாஜர் சொல்லிக் கொடுத்திருப்பார். அவரால் சொல்லிக் கொடுக்க முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

என் மூத்த மகனும் சென்ற மாதம் உங்களோடு சேர்ந்துவிட்டான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. காலையில் அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், சாயங்காலம் வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும் வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை. நேரில் சொன்னால் அப்பாவுக்கு எப்போதும் பயம்தான் என்று சிரிப்பான். எழுதிக் கொடுத்தால் உங்களோடு சேர்ந்து படிப்பான் என்று நினைக்கிறேன்.

நான் ஏன் ஐம்பது வயதுக்கு முன்பே பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தேன் என்று ஆபீஸில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். மனுவில் வயிற்றுவலி என்று எழுதினேன். வயிற்றுவலியும் இருந்தது.

லாரிக்கடன் வழக்குகள் எங்கள் காலத்தில்தான் கோர்ட்டுக்கு வந்தன. அதற்கு முன் நாங்கள் ஜப்தி செய்தது மாட்டுவண்டி, பித்தளைப் பாத்திரம், களத்தில் கிடக்கும் வேர்க்கடலை. பிறகு மதராஸ் கம்பெனிகள் ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்கு லாரி வாங்கக் கடன் கொடுத்தன. சந்தை சந்தையாகப் பச்சைத் தோலை வாங்கித் தோல் பதனிடும் ஷாப்புகளில் கொண்டுபோய் இறக்கும் வேலை. நாலு வருஷம் நன்றாக ஓடியது. சீமையில் தோல் விலை விழுந்ததும் இங்கே பாதிச் சுண்ணாம்புத் தொட்டிகள் காய்ந்தன. லாரிக்கு லோடு இல்லை, தவணை நின்றது. கம்பெனி வக்கீல் பிராதுகளைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். பெயரும் லாரி நம்பரும்தான் மாறும், மற்ற வாசகம் எல்லாம் ஒன்றே. கூடவே ஒரு மனுவும் இருக்கும்: பிரதிவாதி லாரியை மைசூர் எல்லைக்கு அப்பால் ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடும், ஆகையால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய உத்தரவாக வேண்டும்.

கம்பெனியைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. கொடுத்த பணத்தை அவர்கள் கேட்டார்கள். எல்லை தாண்டிப் போன லாரிகளும் உண்டு.

அப்படி ஒரு உத்தரவோடு ஒடுகத்தூர் சந்தைக்குப் போனேன். லாரியை ஜப்தி செய்ய வேண்டும், அது போதாவிட்டால் பிரதிவாதியின் வேறு அசையும் பொருள்களையும் ஜப்தி செய்யலாம் என்பது உத்தரவு. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. கம்பெனி ஏஜெண்டு ஒருவரும், லாரியை ஓட்டிவர அவர் கூட்டிவந்த டிரைவரும் என்னோடு பஸ்ஸில் வந்தார்கள். ஏஜெண்டு சின்ன வயசு. சட்டமும் கொஞ்சம் படித்தவர். சந்தைச் சேற்றில் வேட்டி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

லாரி சந்தைக்கோடியில் நின்றது, தோல் ஏற்றி முடிந்திருந்தது. பிரதிவாதி கரீம் பாஷா முன்னால் குனிந்து இஞ்சினைக் கிளப்ப ஹேண்டில் போடப் போய்க்கொண்டிருந்தார். முன்பு வேறொருவருடைய பஸ்ஸை ஓட்டியவர், ஆம்பூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். உத்தரவை வாசித்தேன். கையில் ஹேண்டிலோடு நின்று கேட்டார்.

"இன்னைக்கா வரணும் சாப்? நாளைக்கு வந்திருந்தா காலி வண்டி. நானே சாவி குடுத்திருப்பேன்."

"நாளைக்கு நீ எங்கே இருப்பேன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஏஜெண்டு.

"எங்க சாமி போவேன்? பெட்ரோலுக்கே கடன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாஷா சிரிக்கவில்லை.

ஏஜெண்டு என்னை ஓரமாக அழைத்துப் போனார். "அமீனா, தோலையும் ஜாபிதாவில் சேருங்க. மழை ஈரம், உப்பெல்லாம் கரைஞ்சிடுச்சு. நாளைக்குள்ளே சுண்ணாம்பில் போடலேன்னா அவிஞ்சுடும். அழுகுற சரக்கை ஜப்தி பண்ணின இடத்திலேயே ஏலம் போட உங்களுக்கு அதிகாரம் உண்டு. வாங்கறதுக்கு ஆளும் கொண்டுவந்திருக்கேன்." தூரத்தில் குடையோடு நின்ற தரகர் ஒருவரைக் காட்டினார்.

அவர் சொன்ன சட்டம் சரிதான். ஆனால் அது பிரதிவாதியின் சரக்காக இருந்தால்தான். அவருடையதாக இருந்து நான் விட்டுவிட்டால் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேறொருவருடையதாக இருந்து நான் விற்றுவிட்டால் அவர் என் மேல் வழக்குப் போடுவார். அமீனா உத்தியோகத்துக்கு ஜாமீன் கட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்காக என் மாமனார் தன் நிலத்தை எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் நாலு குழந்தைகள். ஒவ்வொரு ஜப்தியிலும் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அந்த நிலம்தான்.

"சரக்கு யாருடையது?" என்று பாஷாவைக் கேட்டேன்.

அவர் ஏஜெண்டைப் பார்த்தார். "ஷாப்புக்குப் போறது சாப்."

"ரசீது?" என்றார் ஏஜெண்டு.

"பச்சைத் தோலுக்கு எவன் ரசீது குடுக்கறான்?"

லாரிக்குக் கொஞ்ச தூரத்தில் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்தவர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். தலையில் சும்மாடு இன்னும் அவிழ்க்கவில்லை. அவர்களில் ஒரு பெண்பிள்ளை மட்டும் கேட்டாள்: "இன்னா சாமி, வண்டி போவுமா, போவாதா?" வேடிக்கை பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி என்று நினைத்தேன்.

நான் எடுத்த முடிவு இது. சரக்கு யாருடையது என்று தெரியாதபோது அதை விற்கக் கூடாது, அழுகவும் விடக் கூடாது. லாரியை ஜப்தி செய்து, லோடோடு ஆம்பூர் கொண்டுபோய், தோலைத் தொட்டியில் போட வைத்துக் கைச்சாத்து வாங்கிக்கொண்டு, அங்கிருந்து வேலூரில் எங்கள் கோர்ட்டுக்கு லாரியை ஓட்டிவருவது. கம்பெனி டிரைவர் லாரியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பிரேக் சரியில்ல. காலி வண்டின்னா ஓட்டறேன். லோடோட ஏரிக்கரை ரோட்டுல நான் ஓட்டமாட்டேன், இன்னா வேணா பண்ணிக்கங்க" என்றார். ஆகவே பாஷாவையே ஓட்டச் சொன்னேன். ஏஜெண்டு ஆட்சேபித்தார். அவர் ஆட்சேபித்ததையும் எழுதிக்கொண்டேன்.

டிரைவர் பின்னால் தோல் மேல் ஏறிக்கொண்டார். முன்னால் நாங்கள் மூவர். நடுவில் உட்கார்ந்த ஏஜெண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"லாரி இப்போ என்ன விலை போகும்? பாதிகூட வராது. மீதிக்கு டிக்ரி ஆகும். டிக்ரிப் பணம் வரலேன்னா உன் உடம்பு மேல் வாரண்டு. ஜெயில்ல உனக்குச் சாப்பாட்டுப் படி கம்பெனியே கட்டும், கவலைப்படாதே. வீட்டிலே இருக்கிறவங்க வெளியே வராம கோஷா பார்த்தா ஆகுமா? ஷாப்பில் தோல் துவைக்கப் போகலாம்."

அதுவரை வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த பாஷா அதை விட்டுவிட்டார். முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த முகம் தெரியும். அடி வாங்கும் குழந்தை அழுவதைத் திடீரென்று நிறுத்திவிடும்போது அதற்கு வரும் முகம் அது.

இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கிணற்றடியில் நின்றோம். நான் இறங்கி ஏஜெண்டிடம், "நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள்" என்றேன்.

"எங்கே? தோல் மேலேயா?"

"பிரதிவாதி சரக்கு என்று சொல்வது நீங்கள்தான். வழியில் இரண்டு தோல் சரிந்து விழுந்தால் உங்கள் கம்பெனிக்கு நான் என்ன பதில் சொல்வது? காவல் வேண்டாமா?"

"டிரைவர் இருக்கானே."

"அவர் தூங்குகிறார்."

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஏறினார். அந்த டிரைவர் மேலிருந்து, "வாங்க சார், ஜமக்காளம் விரிச்சு வெச்சிருக்கேன்" என்றது காதில் விழுந்தது.

இதன் பிறகு நடந்ததை நான் எந்த ரிப்போர்ட்டிலும் எழுதவில்லை. கரீம் பாஷா போன வருஷம் ஜுரத்தில் காலமானார். இனி இதனால் அவருக்குக் கெடுதல் வராது.

கிணற்றடியைத் தாண்டினால் பெரிய ஏரி. கரை மேலேயே ரோடு. மழைக்கு ஏரி நிரம்பி, தண்ணீர் கரையின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பாஷா வண்டியை மெதுவாக்கினார். ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"சாப், நீங்க நல்ல மனுஷன். இங்க எறங்கிடுங்க."

"ஏன்?"

"எறங்கிடுங்க சாப். நிறுத்தறேன். அந்த டிரைவர எழுப்பி அவனையும் எறக்கிக்கங்க. பாவம், கூலிக்கு வந்தவன்."

ஏஜெண்டை இறக்கச் சொல்லவில்லை. தான் இறங்குவதாகவும் சொல்லவில்லை. என் பக்கத்துச் சக்கரம் கரையோரப் புல்லில் ஏறியது. கீழே தண்ணீர் தெரிந்தது.

தம்பிகளே, இறங்கியிருக்கலாம். கால் தரையில் பட்டிருந்தால் நான் பிழைத்தேன். என் கடைசிப் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. அவள் முகம் வந்தது. இறங்க வேண்டும் என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் நான் இறங்குவதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார் என்று புரிந்தது. நான் பக்கத்தில் இருக்கும் வரை அவரால் முடியாது. இதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்திக் காகிதங்களை மடியில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என்ன பேசுவது? பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார் என்று சொல்ல வாய் வந்தது. அவர்களைப் பற்றி ஏஜெண்டு பேசியதைத்தான் பாஷா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். இன்னொரு முறை சொன்னால் சக்கரம் திரும்பிவிடும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது என் உத்தியோகம் ஒன்றுதான். காலையில் கேட்டதையே மறுபடி கேட்டேன்.

"பாஷா, இந்தத் தோல் யாருடையது?"

"இப்ப எதுக்கு சாப் அது?"

"எனக்கு எழுத வேண்டும். இது ஏரியில் போனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். ஒவ்வொருவராகச் சொல்."

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னார்.

"முனியம்மாது ரெண்டு. காலையில கேட்டாளே, வண்டி போவுமான்னு, அவதான். ஒண்ணு அவங்க சொந்த மாடு, மழையில செத்துப்போச்சு."

"அடுத்தது?"

"எல்லப்பன். அவன் மச்சான் காத்தவராயன். காத்தவராயனுக்கு எப்பவும் தகராறு, கம்மியா குடுத்தேன்னுவான்." சக்கரம் புல்லிலிருந்து ரோட்டுக்கு இறங்கியது. "அப்புறம் மலையடிவாரத்துலேர்ந்து ஒரு கெழவன் வருவான் சாப், பேர் வெச்சுக் கூப்பிடமாட்டாங்க, குள்ளன்னுவாங்க..."

"பணம் கொடுத்துவிட்டாயா அவர்களுக்கு?"

"எங்க சாப்? ஷாப்புல தரம் பார்த்து விலை சொன்னப்புறம்தான். அடுத்த சந்தைக்கு எடுத்துப் போய்க் குடுப்பேன். அதுவரிக்கும் தோல் அவங்கள்துதான். வழியில கெட்டாலும் அவங்களுக்குத்தான் நஷ்டம். நான் வண்டிக்கூலிக்காரன்."

"காலையில் ஏன் சொல்லவில்லை?"

"அவங்க பேரச் சொன்னா அவங்களையும் கோர்ட்டுக்கு இழுப்பான் அந்த ஆளு."

அந்தப் பக்கத்துச் சந்தைகளில் தோல் வியாபாரம் அப்படித்தான் நடந்துவந்தது. கைமாறும்போது காகிதமும் இல்லை, காசும் இல்லை. மாட்டை உரித்தவர் தோலை லாரியில் போட்டுவிட்டுப் போவார். ஒரு வாரம் பொறுத்துக் காசு வரும். வேலூரில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாது. பாஷா பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பெயரோடும் ஒரு வசவோ ஒரு கதையோ இருந்தது. கரை முடிந்து ரோடு இறங்கியபோது மறுபடியும் ஹாரன் அடித்தார். ஆடு ஒன்று குறுக்கே வந்திருந்தது.

ஆம்பூர் ஷாப்பில் கணக்கப்பிள்ளை தோலைத் தரம் பிரித்து, வழக்கப்படி பணத்தை எண்ணி பாஷா கையில் கொடுத்தார். ஏஜெண்டு உடனே என் தோளைத் தட்டினார். "பிரதிவாதி கையில் ரொக்கம். ஜப்தி பண்ணுங்க. இதுக்கு மேலே என்ன ருசு வேணும்?"

"அது அவருடைய பணம் இல்லை."

"யார் சொன்னது?"

"நான் விசாரித்தேன்."

"எப்போ? யார்கிட்டே? அவன்கிட்டேயா?" தலையிலிருந்து உப்பும் மயிரும் உதிர நின்று சிரித்தார். "பிரதிவாதி சொன்னதை நம்பிப் பணத்தை விட்ட அமீனாவை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். உங்க ஜாமீன் எவ்வளவு?"

லாரி வேலூர் வந்து சேர்ந்தது. ஏஜெண்டின் மனுவும் வந்து சேர்ந்தது. அமீனா பிரதிவாதியோடு கூடிக்கொண்டு ரொக்கத்தை விட்டுவிட்டார், அந்தத் தொகையை அமீனாவின் ஜாமீனிலிருந்து வசூலிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். விசாரணை நாள் வரை நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாமனார் நிலத்தைப் பற்றி மனைவிக்குச் சொல்லவே இல்லை.

அன்று வழக்கையும் மனுவையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார் முன்சீப். பாஷா கடனை மறுக்கவில்லை. "வாங்கினது வாஸ்தவம் ஹுசூர்" என்று சொல்லிவிட்டார். கம்பெனிக்கு முழுத் தொகைக்கும் டிக்ரி ஆயிற்று. லாரியை விற்று, மீதியை மாதத் தவணையாகக் கட்ட உத்தரவானது. பிறகு என் சங்கதி. முனியம்மாவும் எல்லப்பனும் ஒரு நாள் கூலியை விட்டு வந்திருந்தார்கள். அடுத்த சந்தையில் பாஷா பஸ்ஸில் வந்து தங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "பிறகு அது உண்மையாயிற்று, சரி. அன்றைக்கு, அந்த இடத்தில், ரசீது இல்லை, சாட்சி இல்லை. பிரதிவாதி வாய்வார்த்தை ஒன்றுதான். எதைக் கொண்டு நம்பினீர்?"

என்னிடம் பதில் இருந்தது. சாகப் போகிற ஆள் இரண்டு தோலுக்காகப் பொய் சொல்ல மாட்டார் என்பதுதான் அந்தப் பதில். அதைச் சொன்னால் நான் தப்பிப்பேன். பாஷா கிரிமினல் கோர்ட்டுக்குப் போவார்.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து பாஷா முன்னால் வந்தார். "ஹுசூர், அன்னிக்குக் கரை மேல நான்..."

"கரை மேல் வரும்போது விசாரித்தேன்" என்றேன் அவரை முந்திக்கொண்டு. "ஒவ்வொரு பெயராகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் இல்லை, ஹுசூர்."

"முகத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியாது, அமீனா."

"எழுதவில்லை, ஹுசூர்."

முன்சீப் என்னையும் பாஷாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனுவைத் தள்ளினார். இனிமேல் ஜப்தி செய்த வாகனத்தைப் பிரதிவாதி கையில் ஓட்டக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு எச்சரிக்கையும் எழுதினார். அந்த எச்சரிக்கை நியாயமானது. நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள். முடியாமல் போனால், கடன்காரரையும் கடன் கொடுத்தவரையும் ஒரே இருக்கையில் உட்கார வைக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

வெளியே தாழ்வாரத்தில் பாஷாவைப் பிடித்தேன். "எதற்கு வாயைத் திறந்தாய்? நேரே ஜெயிலுக்குப் போகவா?"

"உங்க நோக்கரி, இந்த உத்தியோகம், போய்டும்னு பார்த்தேன் சாப்."

"இனி அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்காதே. வீட்டிலும்."

"வூட்ல அன்னிக்கே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

"திட்டவும் இல்ல, அழவும் இல்ல." தலையைக் குனிந்துகொண்டார். "மறுநாள்லேந்து சின்னவள என்கூட அனுப்பிட்டா. தொழுகைக்குப் போனாலும், ஷாப்புல வேலை கேக்கப் போனாலும், எங்க போனாலும் கூட வர்றா. பேஜார் சாப். இங்க வேணாம்னேன், கேக்கல."

அப்போதுதான் கவனித்தேன். கோர்ட்டுப் படியில் ஐந்து ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தார்கள். வாசலில் ஜட்காக்கள் போயின, மிட்டாய்க்காரன் மணி அடித்தான். அது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பாஷா என்னிடம் சலாம் சொல்லித் திரும்பியதும் எழுந்து வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. அவர் வேகமாக நடந்தால் அதுவும் ஓடியது. தெருமுனையில் பஸ் ஒன்று வருவதைப் பார்த்து அவர் நின்றபோது, இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டது.